வரேன் என்றால் என்ன அர்த்தம்?

"சொல்லிட்டாவது போங்களேன்" என்றாள் மனைவி.

விமானக் கட்டுப்பாட்டாளர் ஷூ கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே, "கிளம்பறேன்" என்றார்.

"கிளம்பறேனாம். இது வீடா, பஸ் ஸ்டாண்டா? மூணு மாசமா இதே அறிவிப்புதான். மனுஷங்க மாதிரி 'வரேன்'னு ஒரு வார்த்தை வாயில வராதா?"

வரவில்லை. மற்ற சொற்கள் எல்லாம் வந்தன. அந்த ஒன்று மட்டும் தொண்டையில் மீன்முள் மாதிரி குறுக்கே நின்றது. அந்தச் சொல்லால் ஒருவர் செத்திருந்தார். அதே சொல்லை வைத்துத்தான் இன்று இவருடைய உரிமத்தைக் காப்பாற்றுவதாக ஏற்பாடு.

நடந்தது இதுதான். அவர் வேலை பார்த்த விமான நிலையம் சின்னது. ரேடார் கிடையாது, வாங்குவதற்கான கோப்பு மட்டும் உண்டு. வானத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதை டவர் உச்சியின் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருக்கும் கட்டுப்பாட்டாளர் காதால் கேட்டு, தலையில் வைத்துக்கொள்ள வேண்டும். தலைக்குத் துணையாக எதிரே ஒரு பலகை. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு காகிதச் சீட்டு அதில் செருகியிருக்கும். சீட்டு பலகையில் இருந்தால் விமானம் வானத்தில் இருக்கிறது. சீட்டை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டால், அவரைப் பொறுத்தவரை அப்படி ஒரு விமானம் உலகத்திலேயே இல்லை.

ரேடியோவில் பேச ஆங்கிலத்தில் அளந்து வைத்த வாக்கியங்கள் உண்டு. பைலட் சொல்ல வேண்டும், டவர் திருப்பிச் சொல்ல வேண்டும், பைலட் ஆமாம் என்று சொல்ல வேண்டும். ஆனால் அங்கே பறக்கிறவர்கள் மொத்தம் பதினைந்து பேர். பதினைந்து பேருக்கும் இவர் வீட்டில் எத்தனை சோபா என்று தெரியும். ஆங்கிலத்தில் ஆரம்பித்து இரண்டாவது வாக்கியத்தில் வீட்டுப் பேச்சுக்கு இறங்கிவிடுவார்கள், ஆபீசிலிருந்து வந்ததும் டையைத் தளர்த்துவதுபோல.

மூன்று மாதம் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, நில அளவைப் படம் எடுக்கும் சின்ன விமானத்திலிருந்து கேப்டனின் குரல் வந்தது. எல்லாருக்கும் அவர் கேப்டன்தான். "டவர், தெற்கு எல்லைக்கிட்ட இருக்கேன், ரெண்டாயிரத்து ஐநூறு அடி. சரி, வரேன்."

கட்டுப்பாட்டாளர் "சரி" என்றார். டவரின் வான் எல்லையைத் தாண்டிப் போகிறார், விடைபெறுகிறார் என்று புரிந்துகொண்டார். சீட்டை உருவிப் பெட்டியில் போட்டார்.

கேப்டன் போகவில்லை. திரும்பி வந்துகொண்டிருந்தார். எஞ்சினில் எண்ணெய்க் குழாய் விரிசல் விட்டிருந்தது என்பது பிறகு உடைசலைப் பார்த்தபோது தெரிந்தது. ஆறு நிமிடத்தில் சரக்கு விமானம் ஒன்று புறப்பட அனுமதி கேட்டது. தெற்கே யாரும் இல்லை, ஏறலாம் என்றார் இவர். அந்த அனுமதியைக் கேப்டனும் தன் ரேடியோவில் கேட்டிருப்பார். 'நான் வருவதுதான் டவருக்குத் தெரியுமே, பார்த்துக்கொள்வார்' என்று இருந்திருப்பார். மோதியதில் சரக்கு விமானம் ஒரு இறக்கை நுனியை இழந்து எப்படியோ இறங்கிவிட்டது. கேப்டன் ஒரு பாழடைந்த செங்கல் சூளையின் மேல் விழுந்தார்.

*

விசாரணை நடந்தது டவர் கட்டடத்தின் தரைத்தள அறையில். நீள மேஜை, சுற்றி நாற்காலிகள், ஒரு தட்டச்சர். சுவரில் ஒரு பழைய ஒலிபெருக்கி. மேலே டவரில் பேசுவதெல்லாம் அதில் முணுமுணுவென்று கேட்டுக்கொண்டே இருக்கும். முதல் நாளே குழுத் தலைவர் அதை அணைக்கச் சொன்னார். அணைக்க முடியாது என்று காட்டினார்கள். அதன் கீழே சட்டம் போட்டு மாட்டியிருந்த ஆணை, 'பாதுகாப்பு கருதி எக்காரணம் கொண்டும் அணைக்கலாகாது' என்றது. கையெழுத்து அவருடையதுதான், விமானத் துறைப் பதவியில் இருந்த காலத்தில் போட்டது. அதை ரசித்து இரண்டு முறை படித்துவிட்டு, "நல்ல ஆணை" என்று சொல்லி, ஒலியைக் குறைக்க மட்டும் சொன்னார்.

அவரைத் தலைவராகப் போட்டதற்குக் காரணம், விபத்து நடந்தபோது அவர் வளாகத்திலேயே இருந்தார், கள நிலவரம் அறிந்தவர் என்பது. இருந்தது உண்மை. விமானப் பாதுகாப்பு வாரத் தொடக்க விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வந்திருந்தார். விழிப்புணர்வைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருந்த பதினாலாவது நிமிடத்தில்தான் இரண்டு விமானங்களும் மோதின. பேச்சு இருபத்தைந்தாவது நிமிடத்தில் முடிந்தது.

உள்ளே போகுமுன் நடையில் ஊழியர் சங்கச் செயலாளர் கட்டுப்பாட்டாளரை ஓரம் கட்டினார்.

"அண்ணே, இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான். அந்த நேரத்துல உங்களுக்குச் சந்தேகம் வந்துச்சான்னு கேப்பாங்க. இல்லைன்னு சொல்றீங்க. அவ்வளவுதான், உரிமம் கைக்கு வந்துடும்."

"அவர் திரும்பித்தானேய்யா வந்தாரு..."

"ஐயோ! அதைப் பேசாதீங்கன்னுதானே மூணு மாசமா தொண்டை வறளக் கத்தறேன். வரேன்னா போறேன். ஊரு உலகத்துக்கே தெரியும். அவர் விடைபெற்றார், நீங்க சரின்னீங்க. அப்புறம் சொல்லாம உள்ள வந்தது அவர் தப்பு."

"செத்தவர் தலையில கட்டச் சொல்றே."

"செத்தவருக்கு உரிமம் எதுக்குண்ணே?" என்றார் செயலாளர். சொன்னபிறகு அவருக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

அன்றைய முதல் சாட்சி மொழியியல் பேராசிரியர். நாலு தடிப் புத்தகங்களோடு வந்திருந்தார், ஒன்றையும் திறக்கவில்லை.

"'வருகிறேன்' என்னும் வினைமுற்று, விடைபெறும் சூழலில் வருமாயின் விடைபெறுதலைக் குறிக்கும். வருகைச் சூழலில் வருமாயின் வருகையைக் குறிக்கும்."

"மிகத் தெளிவு" என்றார் தலைவர். "ஆக, இது எந்தச் சூழல்?"

"அது சூழலைப் பொறுத்தது."

தட்டச்சர் தலை குனிந்து எதையோ தேடுவதுபோல மேஜைக்கு அடியில் போனார். சிரிப்பு அடங்கிய பிறகுதான் வெளியே வந்தார்.

அடுத்து கேப்டனின் மனைவி. மூன்று நாளும் கடைசி நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்தவர். உங்கள் கணவர் இந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்துவார் என்று தலைவர் ஒரு மரியாதைக்குக் கேட்டார்.

"கிளம்பும்போது 'வரட்டா?'ன்னு கேப்பாருங்க. நான் சரின்னாத்தான் படியிறங்குவாரு. 'வரேன்'னு சொன்னா அவர் வந்துட்டிருக்கார்னு அர்த்தம். கீழ் வீட்டுக்கிட்ட வரும்போதே 'வரேன்'னு குரல் குடுப்பாரு, கதவைத் திறந்து வைக்கச் சொல்லி." கொஞ்சம் நிறுத்தி, "ரெண்டும் வேற வேறங்க" என்றார்.

"இல்லற வழக்கு, வான் போக்குவரத்துச் சான்றாகாது" என்றார் தலைவர், கருணையோடு. எழுதிக்கொள்ள வேண்டாம் என்று தட்டச்சருக்குக் கை காட்டினார்.

'வரட்டா?' கட்டுப்பாட்டாளரின் காதுக்கும் பழக்கமான சொல். எத்தனையோ நாள் ரேடியோவில் கேப்டன் "அப்ப வரட்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் எல்லையைத் தாண்டியிருக்கிறார். அன்றைக்குத்தான் கேப்டன் அப்படிக் கேட்கவில்லை. வித்தியாசம் காதில் விழுந்தது. விழுந்ததா? மூன்று மாதமாக அவரை அரித்துக்கொண்டிருந்தது அந்தக் கேள்விதான்.

அவர் முறை வந்தது. எழுந்து மேஜை முனைக்குப் போய் உட்கார்ந்தார்.

தலைவர் வரைவு அறிக்கையின் ஒரு பத்தியை வாசித்தார். "விமானி விடைபெற்றுச் சென்றபின், முன்னறிவிப்பின்றி மீண்டும் கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் நுழைந்தமையே விபத்துக்கான ஒரே காரணம்." 'ஒரே' என்ற சொல்லில் கொஞ்சம் நின்று ருசித்துவிட்டு நிமிர்ந்தார்.

அந்த ஒரே காரணத்தில் எல்லாருக்கும் இடம் இருந்தது, ஒளிந்துகொள்ள. சின்ன விமானத்தில், மற்ற விமானங்களுக்கு 'நான் இங்கே இருக்கிறேன்' என்று தானாகவே சொல்லும் கருவி பழுதாகி நாலு மாதம்; அது இல்லாமலே பறக்கலாம் என்று விமானத் துறை ஆபீஸ் ஒரு காகிதம் கொடுத்திருந்தது. அது வேலை செய்திருந்தால் சரக்கு விமானத்தில் எச்சரிக்கை மணி அடித்திருக்கும். டவரில் இரண்டு பேர் இருக்க வேண்டும், அன்று ஒருவர்தான். இதெல்லாம் அறிக்கையின் முதல் வரைவில் இருந்தது. இரண்டாம் வரைவில் பிற்சேர்க்கைக்குப் போனது. மூன்றாம் வரைவில் பிற்சேர்க்கையே இல்லை.

"அவர் 'வரேன்' என்றதும் நீங்கள் விடைபெறுகிறார் என்று புரிந்துகொண்டீர்கள்."

"ஆமாங்க."

"அந்தச் சொல்லுக்கு அந்த இடத்தில் வேறு பொருள் கிடையாது என்று முந்தாநாள் எழுத்து மூலம் சொல்லியிருக்கிறீர்கள்."

"ஆமாங்க."

"அப்போது உங்களுக்கு ஏதேனும் ஐயம் எழுந்ததா?"

செயலாளர் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். ஒரு சொல்தான். 'இல்லை' என்ற மூன்று எழுத்தைச் சொன்னால் போதும்.

ஒலிபெருக்கி கரகரத்தது. "டவர், தெற்கு எல்லைக்கிட்ட. வயலுக்கு மருந்து தெளிச்சாச்சு. சரிம்மா, வரேன்."

"சரிங்க" என்றது மேலே இருந்த பெண் குரல்.

அறையில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கட்டுப்பாட்டாளரின் பார்வை சுவருக்குப் போய் அங்கேயே ஒட்டிக்கொண்டது. அறிக்கை வரும்வரை டவர் நடைமுறையில் எதையும் மாற்றக் கூடாது என்று சுற்றறிக்கை வந்திருந்தது. அதனால் எதுவும் மாறவில்லை. அதே தெற்கு. அதே சொல். அதே 'சரி.' மேலே இருப்பது அவருடைய உதவியாளர். இப்போது அவள் விரல் சீட்டை உருவும். பெட்டியில் போடும். சீட்டு பெட்டியில் விழும் அந்தச் சின்னச் சத்தம் கூட அவருக்கு இங்கே கேட்டது.

"கேள்வி புரிந்ததா?" என்றார் தலைவர்.

"டவர்" என்றது ஒலிபெருக்கி, இளம் குரல், பயிற்சிப் பள்ளி விமானம். "ரன்வேல தயாரா இருக்கோம். புறப்பட்டுத் தெற்கே போகணும்."

"அண்ணே" என்றார் செயலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு. "பதில் சொல்லுங்கண்ணே."

கட்டுப்பாட்டாளர் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கதவோரம் சுவரில் உள்தொலைபேசி. அதை நோக்கி நடந்தாரா ஓடினாரா என்று தட்டச்சரின் குறிப்பில் இல்லை. இரண்டாம் எண்ணை அழுத்தினார். மணி ஒருமுறை அடித்தது. இரண்டு. மூன்று.

"டவர்."

"தெளிப்பு விமானம் எங்க இருக்கு?"

"நீங்களா சார்? அவர் கிளம்பிட்டாரு. வரேன்னாரு."

"எங்கன்னு கேட்டியா?"

"சார், வரேன்னா போறேன்னு..." அவள் குரல் பாதியில் நின்றது.

"கேளு. வர்றாரா போறாரான்னு கேளு. அதுவரைக்கும் பள்ளி விமானத்தை விடாதே. ஒரு சக்கரம் உருளக் கூடாது."

ரிசீவர் அவர் கையிலேயே இருந்தது. இப்போது எல்லாரும் ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். ஒலியைக் கூட்டியது கேப்டனின் மனைவி. யாரையும் கேட்காமல் எழுந்து போய்த் திருகினார்.

"பள்ளி விமானம், அங்கேயே நில்லுங்க. தெளிப்பு விமானம், டவர்."

கரகரப்பு.

"தெளிப்பு விமானம், டவர். எங்க இருக்கீங்க?"

பதில் இல்லை. பேராசிரியர் புத்தகம் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். தலைவர் கண்ணாடியை மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"டவர், பள்ளி விமானம். இன்னும் எவ்வளவு நேரம்?"

"நில்லுங்கன்னேன்ல!" என்று வெடித்தாள் அவள். உடனே, விதிப்படியான தட்டைக் குரலில், "தெளிப்பு விமானம், டவர். உள்ள வர்றீங்களா, வெளிய போறீங்களா?"

இருபது நொடி இருக்கும். முப்பதும் இருக்கலாம். கட்டுப்பாட்டாளர் சுவரில் நெற்றியை வைத்திருந்தார். செங்கல் சூளை அவர் கண்ணுக்குள் கிடந்தது. அதன் மேல் இன்னொரு விமானம், இன்னொரு வீட்டில் திறந்து வைத்த கதவு.

"சொல்லும்மா" என்றது ஒலிபெருக்கி. நிதானமான, கொஞ்சம் கடுப்பான குரல். "வெளியதான் போறேன். எல்லை தாண்டி மூணு மைல் வந்தாச்சு, அடுத்த டவருக்கு மாத்திட்டேன். நீ கூப்பிடறது கேக்குதுன்னு அவங்க சொல்லித்தான் திரும்ப உன் அலைவரிசைக்கு வந்தேன். வரேன்னு சொன்னேன்ல? இதுல என்ன சந்தேகம் உனக்கு?"

அறை மூச்சுவிட்டது. பேராசிரியர்தான் முதலில் சிரித்தார். "விடைபெறும் சூழல்" என்றார், நிரூபித்தவர்போல. செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டார்.

தலைவர் கண்ணாடியை மாட்டினார். அவர் பேச்சு நீளமானதுதான், ஆனால் ஆள் மடையர் அல்ல.

"ஒன்றும் நடக்கவில்லை. வீண் பதற்றம். நல்லது" என்றார். "ஒன்று மட்டும் கேட்கிறேன். 'வரேன்' என்றால் விடைபெறுவது, வேறு பொருளே கிடையாது என்றீர்கள். அப்படியானால் இப்போது எதற்காகக் கேட்கச் சொன்னீர்கள்?"

கட்டுப்பாட்டாளர் ரிசீவரை மாட்டினார். விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். உட்காரவில்லை.

"தெரியாதுங்கிறதால."

"அன்றைக்கு?"

"அன்னைக்கும் தெரியாதுங்க. வழக்கமா 'வரட்டா?'ம்பாரு. அன்னைக்கு 'வரேன்'னாரு. வேற மாதிரி இருக்கேன்னு ஒரு கணம் பட்டுது. கேட்டிருக்கணும். ஒரே கேள்வி. நாலு நொடி ஆகியிருக்கும். கேக்கல."

தட்டச்சரின் விரல்கள் ஓடின. செயலாளர் எழுந்து வெளியே போனார், கதவைச் சாத்தாமலே.

"ஏன் கேட்கவில்லை?" தலைவரின் குரலில் புதுத் தெம்பு வந்திருந்தது. செத்தவரை விட உயிரோடிருப்பவர் ஒப்புக்கொள்வது அறிக்கைக்கு எப்போதுமே கூடுதல் களை.

"அதையும் எழுதச் சொல்லுங்க. மூணு ரேடியோ, ஒரு டெலிபோன். ரெண்டு பேர் பாக்கற வேலையை நான் தனியாப் பாத்துட்டிருந்தேன். சரக்கு விமானக்காரன் ஒரு காதுல, கீழ விழாவுக்கு இன்னும் ரெண்டு நாற்காலி வேணும்னு ஒருத்தன் இன்னொரு காதுல. என் பக்கத்துல உக்கார வேண்டிய பொண்ணைக் குரல் நல்லா இருக்குன்னு கீழ கூப்பிட்டுட்டாங்க."

"எதற்கு?"

"உங்களை வரவேற்றுப் பேசறதுக்குங்க."

தட்டச்சரின் விரல்கள் நின்றன.

"அது இந்த வாக்குமூலத்துக்குத் தொடர்பற்றது" என்றார் தலைவர். "நீக்கிவிடுங்கள்."

"நீக்கினா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"நீங்கள் உங்கள் நிலைமையைப் புரிந்துகொண்டுதான் பேசுகிறீர்களா?"

"என் உரிமம் போச்சுன்னு புரியுதுங்க. போகட்டும். நான் கேக்காம விட்டதை எழுதுங்க, பெருசா எழுதுங்க. ஆனா அது மட்டும் இருந்தா என்னை வீட்டுக்கு அனுப்பிட்டு, நாளைக்கு அதே கூண்டுல இன்னொருத்தனைத் தனியா உக்கார வெச்சுட்டு நீங்க விழா நடத்துவீங்க. காலி நாற்காலி இருக்கணும். வேலை செய்யாத கருவி இருக்கணும். அதுக்குக் குடுத்த காகிதம் இருக்கணும். இல்லாட்டி நான் ஒண்ணுமே சொல்லல. எனக்கு ஐயமே எழலை. நீங்க படிச்ச பத்திதான் சரி."

தலைவர் யோசித்தார். ஒரு பக்கம் கைக்குக் கிடைத்த ஒப்புதல்; மறுபக்கம் அறிக்கையில் தன் விழா. ஒப்புதலைத் தட்டச்சர் கேட்டிருக்கிறார், பேராசிரியர் கேட்டிருக்கிறார், கடைசி நாற்காலிப் பெண்ணும் கேட்டிருக்கிறார். கேட்காததாக ஆக்குவது கஷ்டம்.

"அடிக்குறிப்பாகச் சேர்க்கலாம்" என்றார்.

"மேல. நான் சொன்ன வரிக்கு அடுத்த வரி."

"'ஒரே காரணம்' என்பதை 'முதன்மைக் காரணம்' என்று..."

"'காரணங்கள்'னு போடுங்க. கூட ரெண்டு எழுத்துத்தானே ஆகும்."

தலைவர் சுவரில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். அதிலிருந்து உதவி ஒன்றும் வரவில்லை. தட்டச்சருக்குத் தலையசைத்தார்.

அச்சாகி வந்த தாளில் கட்டுப்பாட்டாளர் கையெழுத்துப் போட்டார். உரிம எண் எழுதும் கட்டத்தில் எண்ணை எழுதி, உரிமத்தையும் மேஜைமேல் வைத்தார். யாரும் கேட்கவில்லை; எப்படியும் கேட்கத்தான் போகிறார்கள். தாளை எடுக்கத் தலைவர் எழுந்து கையை நீட்டினார்.

"நான் ஒரு தரம் படிச்சுக்கறேனே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கேப்டனின் மனைவி வந்து தாளை எடுத்துக்கொண்டார். கட்டுப்பாட்டாளர் அவர் முகத்தைப் பார்க்காமல் மேஜை விளிம்பைப் பார்த்தார்.

"அண்ணே, கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாரு?"

"திரும்பித்தான்யா வந்துட்டிருக்கேன், காது செவிடான்னு திட்டியிருப்பாரும்மா."

"ஆமா. திட்டியிருப்பாரு" என்றார் அவர். மன்னித்ததாகவும் இல்லை, இல்லையென்றும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார். புரியாத இடத்தில் நிறுத்தி, அந்தக் கருவி என்றால் என்ன, யார் கொடுத்த காகிதம் என்று தட்டச்சரைக் கேட்டார். தட்டச்சர் சொன்னார். அடுத்த வரிக்குப் போனார்.

அவசரப்படவில்லை. தலைவர் நீட்டிய கையோடு நின்றார். பிறகு கையை மடக்கிக்கொண்டு நின்றார். அவரை உட்காரச் சொல்ல அறையில் யாருக்கும் தோன்றவில்லை.